மூன்று தட்டு, ஒரு வீச்சு

எங்கள் வீட்டில் படுக்கையறைக்கும் வாசலுக்கும் இடையே நிலைப்படிகள் மூன்று. அறையிலிருந்து கூடத்துக்கு ஒன்று, கூடத்திலிருந்து ரேழி என்னும் நடைக்கு ஒன்று, ரேழியிலிருந்து வாசலுக்கு ஒன்று. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. என் கணவர் தேசிகன் அவற்றைப் பல்லாண்டுகளாக எண்ணாமல் தாண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நடுக்குவாதம் வந்த பிறகு நாங்கள் இருவருமே எண்ணத் தொடங்கினோம்.

சமதரையில் அவர் நடப்பார். குறுகிய அடிகள்தாம், ஆயினும் நடப்பார். நிலைப்படி எதிரே வந்தவுடன் கால்கள் நின்றுவிடும். மேலுடம்பு முன்னே போக விரும்பும். பாதங்கள் தரையில் ஒட்டியவை போல அசைய மறுக்கும். நான் பின்னால் நின்று, அவர் இடுப்பை இரு கைகளாலும் பற்றி, என் முழங்காலால் அவருடைய காலைத் தள்ளுவேன். ஒருவாறு தாண்டுவோம். தாண்டியபின் இருவருக்கும் மூச்சு வாங்கும். அடுத்த நிலைப்படி காத்திருக்கும்.

சித்திரைத் திருநாளில் பெருமாள் எங்கள் வீதிக்கு எழுந்தருளியபோது அவர் ரேழியில் நின்றுகொண்டிருந்தார். கடைசி நிலைப்படி. எவ்வளவு தள்ளியும் கால் வரவில்லை. மேளம் நெருங்கிற்று, வாசலைக் கடந்தது, தேய்ந்தது. கதவுக்கு அப்பால் குடைகளின் நுனி மட்டும் நகர்ந்து போவதை அவர் பார்த்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் பரிமாறத் தெம்பில்லை.

செய்தியைக் கேட்ட என் மகன் ஸ்ரீவத்ஸ் பெங்களூரிலிருந்து பேசினான். கோயம்புத்தூருக்கு வெளியே முதியோர் குடியிருப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். வீடு முழுவதும் ஒரே தளம், நிலைப்படியே கிடையாது, அழைத்தால் செவிலியர் வருவார்கள் என்றான். கைப்பேசியில் படங்களை அனுப்பினான்.

"என்னாலே இந்த ஆத்தை, இந்த வாசலை விட்டுப் போக முடியாதுடா," என்றார் இவர். நோய் அவருடைய குரலையும் சிறிதாக்கிவிட்டிருந்தது. தொலைபேசியில் அவர் பேசுவது அங்கே எட்டுவதில்லை. நான்தான் திரும்பச் சொல்ல வேண்டும்.

"அப்பா தானா வாசல் வரைக்கும் வந்துட்டார்னா நான் பேச்சையே எடுக்கலே அம்மா. இல்லேன்னா ஆனி மாசம் நான் வந்து ரெண்டு பேரையும் அழைச்சுண்டு போயிடறேன்."

அந்தப் படங்களை நான் இரண்டாம் முறையும் பார்த்தேன் என்பதை இவரிடம் சொல்லவில்லை. வழவழவென்ற தரை, கதவுகளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. என் இடுப்பு அதற்குச் சம்மதம் சொல்லிவிட்டது. வாய் மட்டும் சொல்லவில்லை.

புத்தூர் மருத்துவமனை டாக்டர், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்டை அனுப்பினார். பெயர் ஜெஸ்லின். பாலக்கரைக்காரி. பகலெல்லாம் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் காவிரிப் பாலத்தின் நெரிசலைத் தாண்டி ஸ்கூட்டரில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அவள் முகம் தூங்கிக்கொண்டிருக்கும். முதல் நாள் தன் பையை நிலைப்படியின்மேல் வைத்தாள்.

"அதுமேல வைக்காதேம்மா. லக்ஷ்மி இருக்கிற இடம். மிதிக்கவும் கூடாது, உட்காரவும் கூடாது," என்றேன்.

"ஐயையோ! எங்க வீட்ல அதுல உக்காந்துதான் மாமி பூண்டு உரிப்போம்," என்று பையை எடுத்துக்கொண்டாள்.

தரையில் வண்ண நாடாக்களை ஒட்டிப் பார்த்தாள், பயனில்லை. டிக் டிக் என்று ஒலிக்கும் கருவியை வைத்துப் பார்த்தாள். "பல்லி மாதிரி இருக்கு," என்றார் இவர். மூன்றாம் வாரம் அவள் கூடத்து ஊஞ்சலில் சோர்ந்து உட்கார்ந்து சற்று நேரம் யோசித்தாள்.

"சார், உங்களுக்குக் கால்ல பலம் இருக்கு. ஒரு கால்லேருந்து இன்னொரு காலுக்கு எடையை மாத்துறதுதான் வரல. பக்கவாட்டுல ஆடி ஆடி மாத்தினா வந்துடும். அதுக்குன்னே ஒரு டான்ஸ் இருக்கு. பச்சாட்டா."

"பச்சடியா?" என்றார் இவர்.

"பச்சாட்டா சார். டொமினிக்கன் நாட்டு ஆட்டம். நான் பெங்களூர்ல படிக்கிறப்ப கத்துக்கிட்டேன். ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு ஆடணும்."

"பிடிச்சுண்டா?" என்றேன் நான். வாசற்கதவு திறந்திருக்கிறதா என்று என் கண் பார்த்தது.

"தினம் பிடிச்சுட்டுத்தான மாமி நடக்குறீங்க? பின்னாடியிருந்து பிடிக்கிறதை முன்னாடியிருந்து பிடிக்கப் போறீங்க. அவ்ளோதான். முறையாப் பார்த்தா ஆம்பளை கூட்டிட்டுப் போகணும், பொம்பளை கூடவே போகணும். நாம மாத்திக்கலாம். நீங்க கூட்டிட்டுப் போங்க."

"அதுல ஒண்ணும் மாத்தம் இல்லையேம்மா," என்றார் இவர்.

ஜெஸ்லின் சிரித்தாள். அந்தக் கூடத்தில் யாரேனும் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

முதலில் அவள் போட்ட பாட்டு பழைய பாணியைச் சேர்ந்தது. கிதார் மட்டும் மேலே சுற்றிச் சுற்றி ஓடிற்று. இவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "கம்பி வாத்தியம் கொசு மாதிரி சுத்தறது. தாளம் எங்கேயோ ஒளிஞ்சுண்டிருக்கு," என்றார். அவள் வேறொன்றைப் போட்டாள். அதே கிதார்தான், ஆனால் அதன் அடியில் ரெகெட்டோன் என்னும் நகரத்து இசையின் கனத்த முழக்கம் கலந்திருந்தது. இளைஞர்கள் இப்போது இப்படிக் கலந்த பாட்டுகளுக்குத்தான் ஆடுகிறார்கள் என்றாள். ஊஞ்சல் பலகையில் வைத்த டம்ளர் அதிர்ந்தது. இவருடைய குதிகால் தானாக அசைந்தது.

"ஆ. இது தவில்காரன் வந்துட்ட பாட்டு," என்றார்.

"என்ன சொல்றான் பாட்டுல?" என்று நான் கேட்டேன். பொருள் தெரியாத சொல் வீட்டுக்குள் ஒலிப்பது எனக்குப் பிடிக்காது.

"எல்லாமே ஒண்ணுதான் மாமி. விட்டுட்டுப் போனவளை நினைச்சுப் புலம்பறான்."

"புலம்பறது ஆம்பளையா?" என்றார் இவர்.

"ஆமா சார்."

"நம்ம சம்பிரதாயத்துல ஆம்பளைக்குத் தாபம் வந்தா, தன்னைப் பொண்ணா நினைச்சுண்டு பாடுவான். நாயகி பாவம்னு பேர். அங்கே நேராவே புலம்பிடறான் போலிருக்கு." சற்று நிறுத்தி, "பாவம்," என்றார்.

எந்தப் பாவம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்க ஒரு மாலை போதாது.

இப்படித் தொடங்கினோம். அவருடைய இடது கை என் வலது கையில். என் மறு கை அவர் தோளின் பின்புறம். ஜெஸ்லின் சொல்லிக் கொடுத்தாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, தட்டு. இந்தப் பக்கம். ஒண்ணு, ரெண்டு, மூணு, தட்டு. அந்தப் பக்கம்." நான்காவதில் அவள் பாதம் மெல்லத் தரையைத் தொட்டு எழும், இடுப்பு ஒரு சிறு அசைவு அசையும். இவரோ நான்காவதில் காலை ஓங்கி ஊன்றினார். வீடு அதிர ஊன்றினார்.

"தட்டுங்க சார், மிதிக்காதீங்க."

"தட்டத்தானே தட்டறேன்!"

கூடத்தின் நடுவில் இது பெரிய பிழையாகத் தெரியவில்லை. எங்கே நின்றாலும் தரைதான். நிலைப்படியருகே வந்தால் மட்டும் எல்லாம் கெட்டது. மூன்று அடிகள் சரியாக ஆடுவார், நான்காவதில் ஊன்றுவார், அப்படியே நின்றுவிடுவார். ஒருமுறை என் மேலேயே சாய்ந்தார். நான் கதவின் குமிழைப் பற்றியதால் இருவரும் விழவில்லை. என் மணிக்கட்டு மட்டும் வீங்கிற்று.

அன்று ஜெஸ்லின் என் கையில் கட்டுப்போட்டாள். "நீங்க ஆடுறப்ப சாரோட உங்களையும் சேர்த்துத் தூக்கிட்டு நிக்கிறீங்க மாமி. இப்ப விடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்," என்று சொல்லி என்னை எழுப்பினாள். பாட்டைப் போட்டு என் கைகளை எடுத்துக்கொண்டாள். அவள் போன பக்கம் போனேன்; நிறுத்திய இடத்தில் நின்றேன். என்னை ஒருவர் தாங்கி நடத்துவது எப்படியிருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. பாட்டு முடிந்தபோது கையை எடுக்க மனம் வரவில்லை.

"உனக்கு அலுக்கலையா? காலம்பரலேருந்து நின்னுண்டேயிருக்கே," என்றேன்.

"நாள் பூரா மத்தவங்க எடையைத்தான் தாங்குறேன் மாமி. ஆடுறப்ப மட்டும்தான் என் எடை என்கிட்டயே இருக்கு," என்றாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்," என்று கிளம்பினாள்.

ஸ்ரீவத்ஸ் வருவதற்கு இரண்டு நாட்கள் முன்பு, மாலையில் இவர் ஊஞ்சலில் அமர்ந்து கைப்பேசியில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எப்போதும் நடுங்கும் அவருடைய வலது கை தொடையின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தாளம் போடும்போது அந்தக் கை நடுங்குவதில்லை. அதைப் பார்ப்பது எனக்குச் சிறிய ஓய்வு. உள்ளங்கை கீழே விழுந்தது: தட்டு. மறுபடி விழுந்தது: தட்டு. பிறகு கை திரும்பி, புறங்கை தொடையில் ஓசையின்றிப் படிந்தது: வீச்சு.

நான் கீரையைக் கீழே வைத்தேன்.

தட்டு என்றால் ஓசை. சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தச் சொல்லில் ஐயமே கிடையாது. முழுக் கனத்தோடு விழுவதுதான் தட்டு. ஓசையில்லாமல் கழிவதற்கு வேறு பெயர் உண்டு. மெல்லத் தொட்டு எடுப்பதை ஆங்கிலத்தில் 'டாப்' (tap) என்று கற்ற பெண், பாலக்கரைத் தமிழில் 'தட்டு' என்று மொழிபெயர்த்தாள். சொன்னதை இவர் அப்படியே செய்தார். சொல்தான் தவறு.

"ஏன்னா, எழுந்திருங்கோ."

"கச்சேரி முடியட்டுமே."

"எழுந்திருங்கோ சொல்றேன். நாலாவது தட்டு இல்லே. வீச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். தொடையில் மூன்று முறை தட்டி, ஒரு முறை வீசினார்.

"அந்தப் பொண்ணு இதை முதல்லேயே சொல்லியிருக்கப்படாதா?" என்றார்.

கச்சேரியை நிறுத்தி ஜெஸ்லினின் பாட்டைப் போட்டு, கூடத்துக்கும் ரேழிக்கும் இடைப்பட்ட நிலைப்படியின் எதிரே நின்றோம். இடம், வலம், இடம். நான்காவதில் அவருடைய வலது கால் கனமில்லாமல் தரையைத் தொட்டு எழுந்தது. பாட்டின் அடுத்த முதல் அடியில் அதே வலது கால் முன்னே வந்து, படியைத் தாண்டி, ரேழிக்குள் இறங்கிற்று. அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. இதுவரை அவர் நான்காவதில் வலது காலை ஊன்றிவிட்டதால், அடுத்து எடுக்கக் கிடைத்தது இடது கால். இடது காலை முன்வைத்து எந்த நிலைப்படியையும் தாண்டுபவர் அல்லர் அவர். நோய் பாதி நிறுத்தியது. மீதியை வழக்கம் நிறுத்தியது.

ரேழியில் நின்றபடி அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்தேன். பின்புறமாக நடந்து படியைத் தாண்டியதில் என் இடுப்பு எரிந்தது.

சனிக்கிழமை காலை ஸ்ரீவத்ஸ் வந்தான். அவனுக்கும் கண்ணின் கீழே கருவளையம். அடுப்படியில் தளிகை முடிந்து, அதைப் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணி, அவன் சாப்பிட்டபின் நாங்கள் ஆடிக் காட்டினோம். பாட்டு தொடங்கியதும் அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"அம்மா! இது எங்க ஆபீஸ் பார்ட்டில போடற பாட்டு!"

"சிரிக்காதே. கணக்கு தப்பிடும்," என்றேன்.

மூன்று நிலைப்படிகளையும் தாண்டினோம். வாசலில் வெயில் முகத்தில் அடித்தது. எதிர்வீட்டுப் பானுமதி கோலமாவுக் கிண்ணத்துடன் நின்று, எங்கள் கைகளைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுகணம் மீண்டும் பார்த்தாள். "பேஷ், மாமா!" என்றாள்.

திரும்பி வந்து இவரைப் படுக்க வைத்தபின் ஸ்ரீவத்ஸ் கூடத்தில் என் எதிரே உட்கார்ந்தான். அவன் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நன்னாத்தான் இருக்கு அம்மா. ஆனா அப்பா நடக்கலே. நீ நடத்தறே. உனக்கு ஒரு ஜுரம் வந்தா? நீ வழுக்கி விழுந்தா? 'தானா'ன்னுதானே நான் சொன்னேன்?"

அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பிழை இருந்தால் நான் திருத்தியிருப்பேன்.

"உன் கையைப் பார்த்துண்டு பதில் சொல்லு," என்றான். மணிக்கட்டில் கட்டு இன்னும் இருந்தது.

"உன் இஷ்டம்," என்றேன். அதைச் சொன்ன நாவுக்கு வெட்கமும் இருந்தது, ஆறுதலும் இருந்தது. மறுநாள் கோயம்புத்தூருக்குப் பேசிவிடுவதாகச் சொன்னான். பக்கத்து அறையில் இவர் விழித்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, கூடத்து நாற்காலியில் சற்றே உட்கார்ந்தேன். கண்ணை மூடியதாகத்தான் நினைவு.

விழித்தபோது பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அதே பாட்டு. கனத்த முழக்கம் ரேழிப் பக்கத்திலிருந்து வந்தது. அறையை நோக்கினேன், கட்டில் காலி. எழ முயன்றேன்; கால்கள் மரத்துப்போயிருந்தன. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, கூடத்து நிலைப்படி வரை வந்து, அங்கே நின்றேன்.

வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. வெயிலில், கடைசி நிலைப்படிக்கும் அப்பால், அவர் வீதியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். யாருடைய கையையும் அவர் பிடித்திருக்கவில்லை. ஸ்ரீவத்ஸ் ரேழியிலே, இரு கைகளையும் முன்னே நீட்டியபடி, அவரைத் தொடாமல் நின்றான். அவன் முகம் வியர்த்திருந்தது.

"எழுப்பாதேன்னுட்டார் அம்மா," என்றான் கிசுகிசுப்பாக. "பாட்டை மட்டும் போடச் சொன்னார். தனக்குள்ளேயே 'தட்டு, தட்டு, தட்டு, வீச்சு'ன்னு முணுமுணுத்துண்டே வந்தார். நான் தொடவே இல்லை. பெருமாள் சத்தியமா தொடவே இல்லை."

வீதியில் பெருமாள் புறப்பாடு ஏதும் இல்லை. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. பால் வேன் ஒன்று போயிற்று. யாருமற்ற அந்த வீதியைப் பார்த்து அவர் கைகூப்பினார். கைகள் நடுங்கின.

மகிழ்ச்சி உடனே வரவில்லை. என் கை இல்லாமலும் அந்தக் கால் தாண்டும் என்பதை நம்பச் சிறிது நேரம் வேண்டியிருந்தது.

"கோயம்புத்தூர்?" என்றேன்.

"ஃபோன் பண்ணலே. ஆவணி வரைக்கும் பார்க்கலாம். மாசம் ரெண்டு சனி-ஞாயிறு நான் வந்து பிடிச்சுக்கறேன். நீ தூங்கு."

"அதுக்கு முன்னாடி நீ ஆடக் கத்துக்கணும். செவ்வாய்க்கிழமை ஜெஸ்லின் வருவா. ரெண்டு நாள் லீவு போடு."

அவன் மறுக்கவில்லை. அப்போது வாசலிலிருந்து என் பெயரைச் சொல்லி அவருடைய சிறு குரல் வந்தது.

"வத்ஸலா."

"என்னன்னா?"

"திரும்பறது எப்படின்னு தெரியலே."

உண்மைதான். முன்னே போகவும் பக்கவாட்டில் ஆடவும் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். நின்ற இடத்திலே தனியாகத் திரும்பும் பாடம் இன்னும் வரவில்லை; நேற்று நான்தான் பிடித்துத் திருப்பினேன். அவர் எங்களுக்கு முதுகு காட்டி, அசையாமல், வெயிலில் நின்றார். இடது கையை மட்டும் பக்கவாட்டில் சற்று உயர்த்தி வைத்திருந்தார். என் கை வந்து சேர வேண்டிய உயரத்தில். ஸ்ரீவத்ஸ் பதறி முன்னே ஓடினான்.

"நீ பக்கத்துல போய் நில்லு. போறும். இழுக்காதே," என்றேன். "குடையை எடுத்துண்டு போ."

அவன் குடையை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்தான். வாசலில், குடைக்குக் கீழே, அவர் நின்றார்.

"வரயா?" என்று என்னை மறுபடி கூப்பிட்டார்.

எப்போது கூப்பிட்டாலும் ஓடியவள் நான். என் வலது கால் நிலைப்படியைத் தாண்டக் கிளம்பியும்விட்டது. அதைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன்.

"வரேன். இந்தப் பாட்டு முடியட்டும்," என்றேன்.

பிறகு நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். மணிக்கட்டுக் கட்டைப் பிரித்து, கையை மடியில், வீச்சுப் போல, மல்லாத்தி வைத்துக்கொண்டேன்.